கரிமூட்டத்து விலக்கில் இறங்கியவர்கள்

பஸ்ஸில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். டிரைவர். கண்டக்டர். மாரியூர்ப் பக்கத்து மீன்காரப் பெண்கள் ரெண்டு பேர், கூடையோடு. சௌதிக்குக் கிளம்பிய பையன் ஒருவன், மடியில் பெட்டி. அவனை வழியனுப்ப வந்த அவனுடைய உம்மா. அங்கன்வாடி டீச்சர். பிளஸ் டூ படிக்கிற பிள்ளைகள் ஒன்பது பேர், ஒன்பதும் பெண்பிள்ளைகள். நான். எங்கள் விலக்கில் என்னோடு ஏறிய ஒரு சின்னப் பெண், கையில் அட்டை, அதில் தாள், காதில் பேனா.

அவள் ஆள் எண்ண வந்தவள். இது போன வாரம், சாயல்குடி போகும்போது நடந்தது.

ஒவ்வொரு சீட்டாகக் கேட்டுக்கொண்டே வந்தாள். எங்கே ஏறினீர்கள், எங்கே இறங்குவீர்கள், என்ன வேலையாகப் போகிறீர்கள். தப்பான கேள்வி ஒன்றுமில்லை. ஆனால் அவள் கிட்டே வர வர முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். நான் போனது கண்ணுக்குச் சொட்டு மருந்து வாங்க. அதைச் சொல்லியிருக்கலாம்.

"எதுக்கும்மா போறீங்க?"

"சும்மாதான்" என்றேன்.

சொல்லக்கூடாத வார்த்தை அது. அந்தப் பெண் சிரித்தாள்.

"சும்மான்னு இதுல கட்டம் இல்லம்மா. சொந்த வேலைன்னு போட்டுக்கிறவா?"

"போட்டுக்க தாயி."

பக்கத்தில் இருந்த உம்மா என் கையைப் பார்த்தாள். "ஏங்க்கா கம்பிய இப்புடி இறுக்கிப் புடிச்சிருக்கீங்க? தலைசுத்தா?"

"இல்ல லாத்தா. பயம்."

"பஸ்ஸுக்கா?"

"பஸ்ஸுக்கு இல்ல. பஸ் நின்னுருமோன்னு."

அவளுக்குப் புரியவில்லை. ஓடுகிற பஸ்ஸில் உட்கார்ந்துகொண்டு இப்படிச் சொன்னால் யாருக்குப் புரியும். உங்களுக்காவது சொல்லிவிடலாம் என்றுதான் எழுதுகிறேன்.

இப்போது வருகிற வண்டியில் வாசம் கிடையாது. அப்போது எங்களுக்கு முதல்முதலில் வந்த வண்டியில் டிரைவர் பக்கத்தில் என்ஜினுக்குப் பெரிய மூடி இருக்கும். தொட்டால் சுடும். அந்தச் சூட்டில் டீசலும் கருவாடும் சேர்ந்து ஒரு வாசம் வரும். சிலருக்கு அது குமட்டும். எனக்கு அந்த வாசம் வந்தால்தான் மூச்சு இறங்கும். வண்டி வந்துவிட்டது என்று அர்த்தம்.

அதற்கு முன்னால் எங்களுக்கு டீசல் வாசம் என்றால் கரி லாரிதான். சாயல்குடிக்கும் கடலுக்கும் நடுவில், ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி எங்கள் ஊர். ஊருக்கு ரெண்டு கிலோமீட்டர் இந்தப் பக்கம், ஊர்ப்பாதை பிரிகிற ரோட்டோரத்தில், கரி மூட்டம் போடுகிற ஏழெட்டு வீடுகள். கருவேல மரத்தை வெட்டி, அடுக்கி, மண் போட்டு மூடி, புகையவிட்டுக் கரியாக்குவதுதான் மூட்டம். அதனால் அந்த இடத்துக்குக் கரிமூட்டத்து விலக்கு என்று பேர். வீடு என்றால் எங்கள் வீடும் சேர்த்து. நானும் என் வீட்டுக்காரரும் மூட்டத்து வேலைதான் பார்த்தோம்; மகன் அப்போது வெளியூரில் ஹாஸ்டலில் தங்கிப் படித்தான். சாயல்குடிக்கு ஒரு காரியம் என்றால் கரி மூட்டைமேல் ஏறி உட்கார்ந்து கயிற்றைப் பிடித்துக்கொண்டு போகணும். ஒரு தடவை எனக்கு முன்னால் இருந்தவள் கண்ணசந்து சரிந்துவிட்டாள். கயிறு அவள் இடுப்பில் மாட்டியதால் பிழைத்தாள். நான் கை நீட்டிப் பிடிக்கவில்லை. என் கை என் கயிற்றை விடமாட்டேன் என்றுவிட்டது. இறங்கினதும் எல்லோரும் அவளுக்குத் தண்ணீர் கொடுத்தார்கள். அந்தத் தண்ணீரில் பாதியை நான் குடித்தேன். அவ்வளவு பயந்தாங்கொள்ளி நான்.

அப்படி இருக்கும்போதுதான் என் வீட்டுக்காரருக்குக் கிட்னி போனது.

முதலில் கால் வீங்கியது. மூட்டத்துச் சூடு என்று விட்டுவிட்டோம். பிறகு முகம். ராமநாதபுரத்துப் பெரியாஸ்பத்திரியில் ரத்தத்தைச் சுத்தம் பண்ணுகிற மிஷினில் படுக்க வைத்தார்கள். செவ்வாய் ஒரு நாள், வெள்ளி ஒரு நாள். உயிர் உள்ள வரைக்கும் இப்படித்தான் என்றார்கள். டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்.

"ஒரு நாள் தப்பினா எப்புடியாச்சும் சமாளிச்சுரலாம். சேந்தாப்புல ரெண்டு நாள் தப்பவிட்றாதீங்க. நீர் நெஞ்சுல ஏறிரும்."

அன்றையிலிருந்து எனக்குக் கிழமை ரெண்டுதான்.

கரி லாரியில் அவரைக் கூட்டிப்போக முடியாது. ஊசி ஏற்றுவதற்காகக் கையில் நரம்பைத் தைத்திருந்தார்கள். அந்தக் கையால் எதையும் இறுக்கிப் பிடிக்கக் கூடாது. கயிற்றைப் பிடிக்காமல் மூட்டைமேல் எப்படி இருப்பது? ஆட்டோவுக்கு ஒரு வாரக் கூலி கேட்டார்கள். கொடுத்துப் பார்த்தோம். பிறகு நகை. பிறகு ஆடு. ஒரு செவ்வாய்க்கிழமை ஒன்றுமே இல்லை. அன்றைக்குப் பகல் பூராவும் அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே இருந்தார். படுத்தால் மூச்சு முட்டியது. கடலில் முங்கினவனைக் கரையில் போட்டால் எப்படி இழுப்பானோ அப்படி இழுத்தார். "பயப்படாத" என்று என்னிடம் சொல்வதற்கு மூணு தடவை மூச்சு வாங்கினார். நான் விசிறிக்கொண்டிருந்தேன். விசிறினால் நெஞ்சில் உள்ள நீர் போகுமா? வேறு ஒன்றும் தெரியவில்லை, விசிறினேன்.

வெள்ளிக்குக் கடன் வாங்கிக் கொண்டுபோனோம். பிழைத்தார்.

அந்த வருஷம்தான் பஸ் வந்தது. ஊரார் ரொம்ப நாளாக மனு எழுதிப் போட்டுக்கொண்டிருந்தார்கள். காலையில் ஒரு நடை, சாயங்காலம் ஒரு நடை. காலை ஆறேகாலுக்கு எங்கள் விலக்கைத் தாண்டும். சாயல்குடியில் இறங்கினால் ராமநாதபுரம் வண்டி நிற்கும். ஒன்பது மணிக்கெல்லாம் ஆஸ்பத்திரி. அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து, தைத்த கையை மடியில் வைத்துக்கொண்டு போவார். எதையும் பிடிக்க வேண்டியதில்லை. முதல் நாள் நான் உட்காரவே இல்லை. காலி சீட்டு கிடந்தது, கம்பியைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

"உக்காரு தாயி. சீட்டுக்குத் தனி டிக்கெட்டு இல்ல" என்றார் கண்டக்டர்.

ஆனால் அது வெள்ளோட்டம். ஆறு மாசம் ஓட்டிப் பார்ப்போம், ஆள் ஏறினால் ஓடும், ஏறாவிட்டால் நிறுத்திவிடுவோம் என்று டெப்போவில் சொல்லியிருந்தார்கள். முதல் வாரம் கூட்டம். மூணாவது வாரம் காலை வண்டியில் நாங்கள் ரெண்டு பேர், ஒரு மீன்காரி, ஒரு கோழி. கண்டக்டர் காலியான சீட்டுகளைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

நான் மதினி முறை சொல்லிக் கூப்பிடுகிற சண்முகத்தாய் ஊருக்குள் இருந்தாள். வாய்க்காரி. அவளிடம் போய் அழுதேன். அவள் ஊர்த்தலைவரிடம் போய்ச் சண்டை போட்டாள். ஊர்க்கூட்டம் போட்டார்கள். கண்மாய்த் தண்ணீருக்கு முறை போடுகிற மாதிரி பஸ்ஸுக்கு முறை போட்டார்கள். ஒரு நாளைக்குப் பன்னிரண்டு வீடு. வீட்டுக்கு ஒரு ஆள். வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஏறணும், சாயல்குடி போகணும், சாயங்கால வண்டியில் திரும்பணும்.

சும்மா போவது என்பது எங்கள் ஆட்களுக்கு ஆகாத காரியம். வெட்கப்பட்டார்கள். ஒருவர் ஒவ்வொரு முறைக்கும் ஒரே ஒரு எலுமிச்சம்பழம் வாங்கி வருவார். காளிமுத்து அண்ணன் பழைய சைக்கிள் டியூப் ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு ஏறுவார், பஞ்சர் ஒட்டப் போகிறவர் மாதிரி. அந்த டியூபில் ஓட்டையே கிடையாது. அவரிடம் சைக்கிளும் கிடையாது. கண்டக்டருக்கு எல்லாம் தெரியும்.

"என்னண்ணே, இன்னைக்கும் பஞ்சரா?"

"ரோடு சரியில்லப்பா. என்ன செய்ய."

இப்படி அஞ்சு மாசம் ஓட்டினோம். அந்த அஞ்சு மாசத்தில் என் வீட்டுக்காரர் ஒரு செவ்வாய், ஒரு வெள்ளிகூடத் தப்பவிடவில்லை.

ஆறாவது மாசம் ஒரு செவ்வாய்க்கிழமை மழை. தரைப்பாலத்தில் இடுப்பளவு தண்ணீர். வண்டி வரவில்லை. ஒரு நாள் தப்பியது. புதனும் வியாழனும் அவர் முகத்தைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது. கண் இடுங்கிப் போய்விட்டது. நான் மோதிரவிரலால் அவர் கெண்டைக்காலை அமுக்கி, குழி எவ்வளவு நேரத்தில் நிரம்புகிறது என்று பார்ப்பேன். வியாழக்கிழமை குழி நிரம்பவே இல்லை.

அந்த வியாழக்கிழமைதான் கண்டக்டர் ஊரில் சொல்லிப்போனார். நாளைக்கு மேலதிகாரி வண்டியில் வருகிறார், தலை எண்ணப்போகிறார், அதை வைத்துத்தான் முடிவு என்று. சாயங்காலமே கோயில் குழாய் ரேடியோவில் தலைவர் சத்தம் போட்டார்.

"நாளக் காலையில நண்டு சிண்டு முதக்கொண்டு வண்டியில ஏறணும். ஏறாதவுக பெறகு பஸ் இல்லன்னு வந்து நிக்கப்படாது."

ரெண்டு கிலோமீட்டர் தள்ளி இருந்த எங்களுக்குக் கேட்டது. நான் சந்தோஷப்பட்டேன். சந்தோஷப்பட்டதோடு விட்டேனா? விலக்கில் இருந்த ஒவ்வொரு வீட்டுக்கும் போய், "இங்கன நின்னா எடம் கெடைக்காது, விடியவும் ஊருக்குள்ள போயி ஏறிக்கிருங்க" என்று நானே சொல்லி அனுப்பினேன். எங்களுக்கு இடம் கிடைக்குமா என்று என் புத்திக்கு எட்டவில்லை. அவரால் நடக்க முடியாது. அதனால் நாங்கள் ரெண்டு பேர் மட்டும் விலக்கில் நின்றோம்.

ஆறேகால். வண்டி வந்தது. ஒரு பக்கம் சாய்ந்துகொண்டு வந்தது. ரெண்டு படியிலும் ஆள் தொங்கியது. நான் கையைக் காட்டினேன். அங்கே ஸ்டாப் கிடையாது, கையைக் காட்டினால் டிரைவர் நிறுத்துவார், அவ்வளவுதான். அன்றைக்கு அவர் கையை விரித்துக் காட்டினார். வண்டி எங்களைத் தாண்டிப் போய்விட்டது.

அந்தத் தூசி அடங்கும் வரைக்கும் எனக்கு ஒன்றும் ஓடவில்லை. திரும்பிப் பார்த்தால் அவர் கிலோமீட்டர் கல்லில் உட்கார்ந்திருக்கிறார். வாய் திறந்திருக்கிறது. செவ்வாய் தப்பியாயிற்று. இது வெள்ளி.

அவரை அங்கேயே விட்டுவிட்டு ஓடினேன். ஓடினால் பஸ்ஸைப் பிடிக்க முடியுமா என்று கேட்காதீர்கள். செருப்புக் கழன்றது. கத்தினேனா என்று தெரியவில்லை. மூணு கரண்ட் கம்பம் தாண்டி வண்டி நின்றது. சண்முகத்தாய் பின் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டாள். உள்ளே அவள் குரல்தான் கேட்டது.

"நிப்பாட்டுய்யா! அந்த மனுசன் அங்கன சாகக் கெடக்கான்!"

நான் படிக்கட்டைப் பிடித்தேன். கால் வைக்க இடமில்லை. "எடம் எங்க தாயி இருக்கு?" என்றார் டிரைவர். முன் சீட்டில் வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர், மடியில் நோட்டு. அவர்தான் அதிகாரி.

சண்முகத்தாய் திரும்பினாள். "சும்மா வந்தவுக எல்லாம் எறங்குங்க!"

ஒருவரும் இறங்கவில்லை. இறங்கினால், சும்மா வந்தோம் என்று அதிகாரிக்குத் தெரிந்துவிடும். தெரிந்தால் வண்டி நின்றுபோகும். வண்டி நின்றால் அடுத்த செவ்வாய் கிடையாது. இறங்காவிட்டால் இந்த வெள்ளி கிடையாது. எனக்கு அது ரெண்டும் ஒரே நேரத்தில் விளங்கியது. இறங்கச் சொல்லவும் வாய் வரவில்லை, இறங்காதே என்று சொல்லவும் வாய் வரவில்லை. "ஆத்தா, வாய மூடு" என்று தலைவர் பல்லைக் கடித்தது கேட்டது.

முதலில் ஒரு சைக்கிள் டியூப் வெளியே வந்தது. பின்னாலேயே காளிமுத்து அண்ணன்.

அதிகாரி எட்டிப் பார்த்தார். சுற்றிலும் கருவேலங்காடு. ஒரு குடிசைகூட அங்கிருந்து தெரியாது. "எங்க போறீங்க? இங்க என்ன இருக்கு?"

"இங்கனதான் சார்" என்றார் காளிமுத்து அண்ணன். "எறங்குற எடம் வந்துருச்சு."

எலுமிச்சம்பழக்காரர் இறங்கினார். "எனக்கும் இங்கனதான்."

"எனக்கும்."

"ஏலே, தள்ளு. நானும் இங்கனதான்."

பிள்ளையை இடுப்பில் வைத்திருந்தவள் இறங்கினாள். சண்முகத்தாய் இறங்கினாள். கடைசியாகத் தலைவரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி, வேலை இருக்கிறவர் மாதிரி காட்டுக்குள் பார்த்தார். கண்டக்டர் விசில் ஊதி ஊதி வண்டியைப் பின்னால் எடுக்கச் செய்தார். காளிமுத்து அண்ணனும் இன்னொருவரும் அவரைக் கல்லிலிருந்து தூக்கி, தைத்த கையில் படாமல், சீட்டில் உட்கார வைத்தார்கள். அதிகாரி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே இருந்தார். பேனா மட்டும் ஓடியது.

வண்டி கிளம்பின பிறகு அவர் திரும்பி என் வீட்டுக்காரரிடம் கேட்டார். "எங்க போறீங்க?"

"ராம்நாடு. பெரியாஸ்பத்திரி."

"அடுத்த வாரமும் போவீங்களா?"

"இருக்கிற மட்டும்."

அதையும் எழுதினார்.

அன்றைக்கு மிஷினில் அவர் உடம்பிலிருந்து எடுத்த நீரைப் பார்த்து நர்சம்மா, இன்னும் கொஞ்ச நேரம் தாண்டியிருந்தால் என்று ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

அதற்குப் பிறகு ஒரு மாசம். காலையில் அஞ்சு மணிக்கே ரோட்டில் நிற்பேன். தூரத்தில் வண்டிச் சத்தம் வருகிற வரைக்கும் உட்கார மாட்டேன். ஆறு மாசம் முடிந்தது. நாளைக்கு வராது என்று தினமும் நினைத்தேன். வந்தது. ஒரு நாள் கண்டக்டர் படியில் நின்றே கத்திக்கொண்டு வந்தார்.

"ஆத்தா, வண்டி நிரந்தரம்! ஒங்க விலக்குக்கு ஸ்டாப்பும் போட்டாச்சு. கரிமூட்டத்து விலக்குல எறங்குறவுக மட்டும் இருவத்திமூணு பேருன்னு எழுதியிருக்காருல்ல அதிகாரி!"

அவருக்குத் தெரிந்து எழுதினாரா, தெரியாமல் எழுதினாரா என்று ஊரில் இன்றைக்கும் பேச்சு உண்டு. எனக்கு அது வேண்டாம்.

காட்டுக்குள் ஒரு மஞ்சள் போர்டு வந்தது. அதற்கு நிழல் வேண்டும் என்று ஒரு தகரக் கொட்டகை. கொட்டகையில் ஆள் நிற்கிறார்கள் என்று ஏர்வாடிப் பக்கமிருந்து சீனி பாய் வந்து டீக்கடை போட்டார். பஸ்ஸில் சாமான் இறக்கத் தோது என்று ரேஷன் கடை ஊருக்குள்ளிருந்து இங்கே வந்தது. நர்ஸ் பஸ்ஸில் வந்து பஸ்ஸில் போகலாம் என்பதால் ஊசி போடுகிற கட்டடமும் இங்கேயே. பிறகு ஒவ்வொருவராக ரோட்டோரத்தில் வீடு கட்டினார்கள். எட்டாவதோடு நிறுத்தின பெண்பிள்ளைகள் பன்னிரண்டு வரைக்கும் போனார்கள். பஸ் வருகிற ஊரா என்று கேட்டுத்தான் இப்போது பெண் கொடுக்கிறார்கள். பெரிய ரோடு போட்டால் ஊர் வளரும் என்பார்கள். எங்களுக்கு ரோடு முன்னாலும் இருந்தது. அதில் லாரிதான் போனது. நின்று ஆளை ஏற்றிக்கொண்டு போகிற வண்டி வந்த பிறகுதான் மனுஷர்கள் வந்து குடியிருந்தார்கள். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். இப்போது பெண்களுக்குச் சும்மாவே டிக்கெட் கிழித்துக் கொடுக்கிறார்கள். ஆனாலும் வண்டி அஞ்சு நிமிஷம் பிந்தினால் நான் ரோட்டில் இறங்கி நின்று பார்க்கிறேன். அந்தப் பயம் இனிமேல் போகாது.

மூட்டம் இப்போது இங்கே கிடையாது. புகை இல்லை. காட்டை அழித்து மனை போட்டுவிட்டார்கள். பஸ்ஸுக்கு முறை வைத்த ஊர்க்கூட்டம் எந்த வருஷத்தோடு நின்றது என்று யாருக்கும் ஞாபகம் இல்லை, தானாகவே ஆள் நிறைய ஆரம்பித்ததும் விட்டுப்போயிற்று. காளிமுத்து அண்ணன் இறந்துவிட்டார். சண்முகத்தாய் மகனோடு திருப்பூருக்குப் போய்விட்டாள்.

என் வீட்டுக்காரர் போனது ஒரு செவ்வாய்க்கிழமை, விடிகிற நேரம். தூக்கத்திலேயே. ஆறேகாலுக்கு வண்டி வந்து எங்களுக்காக நின்றது. ஹாரன் அடித்தார்கள். நான் வாசலில் நின்று, போங்கள் என்று கையைக் காட்டினேன்.

அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பின ஒவ்வொரு தடவையும் அவர் அடுப்படிச் சுவரில் கரித்துண்டால் ஒரு கோடு போட்டு வந்தார். நான் அதைத் துடைத்ததில்லை. போன பொங்கலுக்கு மகன் பெயிண்ட் வாங்கிவந்தான். அடிப்பதற்கு முன்னால் ஒருமுறை எண்ணிக்கொண்டேன்.

நானூற்றுப் பதினொன்று.